தலையில் விழாத சிம்பல்

எங்கள் அபார்ட்மென்ட்டில் இரண்டாவது மாடியில் ஒரு பையன் டிரம்ஸ் கற்றுக்கொள்கிறான். பதினோரு வயசு இருக்கும். சாயங்காலம் ஆறு மணிக்கு ஆரம்பித்தால் ஏழரை வரைக்கும் தட்டல்தான். எனக்கு அதில் ஆட்சேபணை இல்லை. குழந்தைகள் இருக்கிற வீட்டில் சத்தம் இருக்கத்தான் செய்யும். என் ஆட்சேபணை எல்லாம் தட்டலுக்கு நடுவே திடீரென்று வருகிற மௌனத்துக்கும், அந்த மௌனத்தில் கேட்கிற ஒரு 'பளார்' சத்தத்துக்கும்தான்.

போன மாசம் பையனின் அப்பாவோடு லிஃப்ட்டில் தனியாக மாட்டிக்கொண்டேன். பொதுவாக அடுத்த வீட்டு விவகாரத்தில் தலையிடாத கோழை நான். அன்றைக்கு என்னவோ வாயில் வந்துவிட்டது. "குழந்தையை ஏன் சார் அடிக்கறீங்க?"

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. பாவம், விவரம் தெரியாதவன் என்கிற மாதிரி பார்த்தார். "நீங்க 'விப்லாஷ்' படம் பார்க்கலையா சார்? சார்லி பார்க்கர் சின்னப் பையனா இருந்தப்ப மேடையில தப்பா வாசிச்சான். ஜோ ஜோன்ஸ்னு ஒரு டிரம்மர், சிம்பலைக் கழட்டி அவன் தலையைப் பார்த்து விட்டெறிஞ்சார். அன்னிக்கு அவர் எறியலைன்னா பார்க்கர்னு ஒருத்தன் கிடையாது சார். அடிச்சாத்தான் ஜீனியஸ் வருவான்."

லிஃப்ட் நின்றது. அவர் போய்விட்டார். பதில் எனக்குள்ளேயே நின்றுவிட்டது. இரண்டு மாடி நேரத்தில் சொல்லி முடிக்கிற பதில் இல்லை அது. அதனால் உங்களிடம் சொல்கிறேன். நீங்களும் யாரோ ஒருவருக்கு அப்பாவாகவோ, அம்மாவாகவோ, டியூஷன் வாத்தியாராகவோ இருப்பீர்கள். உங்களுக்கும் இந்தக் கதை ஏதாவது ஒரு வடிவத்தில் வந்து சேர்ந்திருக்கும்.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அந்தக் கதை பொய். சிம்பல் உண்மை, எறிந்தது உண்மை. தலை பொய். அதை வைத்துக்கொண்டு நாம் சொல்லும் நீதி அதைவிடப் பெரிய பொய்.

*

நடந்தது இதுதான். வருஷம் 1936. அமெரிக்காவில் மிஸௌரி மாநிலத்துக் கான்ஸஸ் சிட்டி. டாம் பெண்டர்காஸ்ட் என்ற அரசியல் தாதாவின் கைப்பிடியில் ஊர் இருந்தது. மதுவிலக்கு அமலில் இருந்த காலத்தில்கூடக் குடிக்கத் தடையில்லாத ஊர். குடி இருந்தால் க்ளப் இருக்கும், க்ளப் இருந்தால் வாத்தியக்காரர்களுக்கு வேலை இருக்கும். ராத்திரி முழுக்க வாசிப்பார்கள். டியூட்டி முடிந்ததும் வீட்டுக்குப் போகாமல் விடிய விடிய ஒருவரோடொருவர் போட்டி போட்டுக்கொண்டு மறுபடியும் வாசிப்பார்கள். இதற்கு 'ஜாம்' என்று பெயர். யார் வேண்டுமானாலும் மேடை ஏறலாம். ஏறுவதுதான் சுலபம், நிற்பது கஷ்டம்.

அப்படிப்பட்ட ரீனோ க்ளப்பில், கவுன்ட் பேஸியின் குழுவில் டிரம்ஸ் வாசித்துக்கொண்டிருந்தவர் ஜோ ஜோன்ஸ். ஒரு ராத்திரி சார்லி பார்க்கர் என்ற பையன் ஆல்ட்டோ ஸாக்ஸஃபோனோடு ஏறினான். பதினைந்து, பதினாறு வயசு. ஆரம்பம் சுமார். நடுவில் பாட்டின் போக்கைத் தவறவிட்டுவிட்டான். பாட்டு ஒரு பக்கம், பையன் ஒரு பக்கம்.

இதை நேரில் பார்த்துச் சொன்னவர் ஜீன் ரேமி என்ற பாஸ் வாத்தியக்காரர். அந்தக் காலத்தில் அங்கே ரேடியோவில் மேஜர் பவ்ஸ் என்பவர் நடத்திய அமெச்சூர் போட்டி பிரபலம். பாட வந்தவர் சொதப்பினால் 'டங்' என்று மணி அடித்து இறக்கிவிடுவார்கள். ஜோ ஜோன்ஸும் அதைப் போலவே சிம்பலின் குமிழில் 'டிங்' என்று தட்டினார். பையன் நிறுத்தவில்லை. மறுபடி 'டிங்'. அப்போதும் நிறுத்தவில்லை. கடைசியில் சிம்பலைக் கழற்றித் தரையில் எறிந்தார். பெரிய சத்தத்தோடு விழுந்தது. கூட்டம் சிரித்தது. பையன் வாத்தியத்தைப் பெட்டியில் போட்டுக்கொண்டு வெளியே போனான்.

இவ்வளவுதான். சிம்பல் விழுந்த இடம் தரை. எறிந்தவர் குருநாதர் இல்லை, 24 வயசு இளைஞர். நோக்கம் பாடம் புகட்டுவதில்லை. மேடையை விட்டு இறக்கிவிடுவது. கேலி. கொஞ்சம் குரூரமான கேலிதான், நான் அதற்குச் சப்பைக்கட்டு கட்டவில்லை. ஆனால் அதற்கும் கல்விக்கும் சம்பந்தமில்லை.

இனி இந்தச் சிம்பல் எப்படிப் பறந்தது என்று பாருங்கள். 1936-ல் தரையில் விழுந்தது. 1988-ல் க்ளின்ட் ஈஸ்ட்வுட் 'பேர்ட்' என்று பார்க்கரின் கதையைப் படமாக எடுத்தபோது காற்றில் மிதந்து வந்தது. சினிமாவுக்கு அது அழகு. 2014-ல் 'விப்லாஷ்' வந்தபோது தலைக்கே வந்துவிட்டது. கழுத்தே போயிருக்கும் என்கிற மாதிரி அந்தப் படத்து வாத்தியார் ஃப்ளெட்சர் சொல்கிறார். 78 வருஷத்தில் தரையிலிருந்து தலைக்கு. இன்னும் இருபது வருஷம் விட்டால் பார்க்கர் ஆஸ்பத்திரியில் தையல் போட்டுக்கொண்டதாக யாராவது சொல்வார்கள்.

ஃப்ளெட்சர் இன்னொன்றும் சொல்கிறார். பார்க்கர் வீட்டுக்குப் போய் ஒரு வருஷம் வெறியோடு சாதகம் செய்து, அதே ரீனோ மேடைக்குத் திரும்பி வந்து உலகம் கேட்டிராத ஸோலோவை வாசித்தாராம். நல்ல க்ளைமாக்ஸ். ரஜினி படத்தில் இடைவேளைக்குப் பிறகு வருகிற மாதிரி இருக்கிறது. ஆனால் 1936 இலையுதிர் காலத்திலேயே பேஸி குழு ஊரைக் காலி செய்துகொண்டு சிகாகோ வழியாக நியூயார்க் போய்விட்டது. ஜோ ஜோன்ஸும் போய்விட்டார். அடுத்த வருஷம் யாரிடம் பழி தீர்ப்பது?

*

சரி, பார்க்கர் எப்படித்தான் பார்க்கர் ஆனார்?

அவமானம் அவரை என்ன செய்தது என்பதற்கு அவரே சாட்சி சொல்லியிருக்கிறார். வேறொரு க்ளப்பில், இதே மாதிரி ஒரு ராத்திரி. 'பாடி அண்ட் சோல்' என்ற பாட்டை இரட்டை வேகத்தில் வாசிக்கப் போய்ச் சொதப்பி, எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறார்கள். பார்க்கர் வீட்டுக்குப் போய் அழுதார். மூன்று மாசம் வாத்தியத்தைத் தொடவில்லை. கவனியுங்கள். அவமானத்தின் நேரடியான பலன் சாதகம் இல்லை. மூன்று மாச மௌனம்.

பிறகு ஏன் தொட்டார்? சுற்றிலும் வேறு சில விஷயங்கள் இருந்தன. முதலாவது, அம்மா. பெயர் ஆடி பார்க்கர். ராத்திரி நேரத்தில் ஒரு தந்தி ஆபீஸைப் பெருக்கித் துடைக்கிற வேலை பார்த்து, பையனுக்கு ஸாக்ஸஃபோன் வாங்கிக்கொடுத்தவர். ஒரு நாளைக்குப் பதினோரு மணி நேரத்திலிருந்து பதினைந்து மணி நேரம் வரை, மூன்று நான்கு வருஷம் சாதகம் செய்ததாகப் பார்க்கர் பின்னாளில் ஒரு பேட்டியில் சொன்னார். அக்கம்பக்கத்துக்காரர்கள் பைத்தியம் பிடிக்கிறது என்று அம்மாவிடம் வந்து, வீட்டைக் காலி பண்ணச் சொல்லப்போவதாக மிரட்டியதையும் சொன்னார். அந்த அம்மா வாத்தியத்தைப் பிடுங்கி வைக்கவில்லை. சிம்பல் எறிந்தவரைப் பற்றி இரண்டு சினிமா பேசியாகிவிட்டது. ராத்திரியில் தரை துடைத்து வாத்தியம் வாங்கியவரைப் பற்றி எந்த வாத்தியாராவது வகுப்பில் கதை சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா?

இரண்டாவது, சொல்லிக்கொடுத்தவர்கள். 1937 கோடையில் ஓஸார்க் மலைப் பக்கம் ஒரு ஏரிக்கரை விடுதியில், ஜார்ஜ் லீ என்பவரின் குழுவில் பார்க்கருக்கு வேலை கிடைத்தது. பகலெல்லாம் சும்மா. அங்கே குழுவில் இருந்த பெரியவர்களிடம் கேட்டுக் கேட்டு ஸ்வரக்கட்டு என்றால் என்ன, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு எப்படிப் போகிறது என்றெல்லாம் தெரிந்துகொண்டார். ஊர் திரும்பியதும் பஸ்டர் ஸ்மித் என்ற ஆல்ட்டோ வித்வான் தன் குழுவில் சேர்த்துக்கொண்டார். மடியில் வைத்து வளர்த்த மாதிரி.

மூன்றாவது, காலம். 1939-ல் நியூயார்க். கொஞ்ச நாள் ஓட்டலில் பாத்திரம் கழுவினார். அதே ஓட்டலில் ஆர்ட் டேட்டம் பியானோ வாசிப்பார். சோப்பு நுரைக்கு நடுவே அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். அதன் பிறகு ஜே மக்‌ஷானின் குழு. உலகத்தைத் திருப்பிப்போட்ட 'கோ-கோ' இசைத்தட்டு பதிவானது 1945 நவம்பரில். சிம்பல் விழுந்து ஒன்பது வருஷம் கழித்து. ஒன்பது வருஷ உழைப்பையும், ஒரு தாயின் துடைப்பத்தையும், நாலைந்து பேரின் பொறுமையையும் ஒதுக்கித் தள்ளிவிட்டு, ஒரே ஒரு எறிதலுக்கு முழு மார்க் கொடுத்துவிடுகிறோம். ஏனென்றால் எறிவது சுலபம். பொறுமை கஷ்டம்.

நாலாவதை வேண்டுமென்றே கடைசிக்கு வைத்தேன். ஏரிக்கரைக்குப் பார்க்கர் சில இசைத்தட்டுகளைக் கொண்டுபோனார். பேஸி குழுவில் டெனர் ஸாக்ஸஃபோன் வாசித்த லெஸ்டர் யங்கின் தட்டுகள். ஒவ்வொரு ஸோலோவையும் திரும்பத் திரும்பப் போட்டு ஒரு ஸ்வரம் விடாமல் பாடம் பண்ணினார். அந்தத் தட்டுகளில் லெஸ்டருக்குப் பின்னால் டிரம்ஸ் வாசித்தது யார் தெரியுமா?

ஜோ ஜோன்ஸ்.

அப்படியென்றால் அவர் பார்க்கருக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தது நிஜம்தான். கழற்றி எறிந்த சிம்பலால் இல்லை. கழற்றாமல் வாசித்த சிம்பலால்.

*

இப்போது இந்த மனிதரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஏனென்றால் இந்தக் கதையில் அதிகமாக அடிபட்டது பார்க்கர் இல்லை, ஜோன்ஸ்தான்.

1911 அக்டோபர் 7, சிகாகோவில் பிறப்பு. வளர்ந்தது அலபாமாவில். நம் ஊர் பொருட்காட்சி டான்ஸ் பார்ட்டி மாதிரி ஊர் ஊராகப் போகிற கார்னிவல் கூட்டத்தில் சேர்ந்து, பூட்ஸ் காலால் தாளம் போட்டு ஆடுகிற 'டாப்' நடனமும் டிரம்ஸும் பழகினார். ஆடத் தெரிந்தவர் வாசித்தார் என்பது முக்கியம். 1934-ல் பேஸியிடம் சேர்ந்தார்.

அவருக்கு முன்னால் டிரம்மரின் வேலை என்ன? காலால் பெரிய பாஸ் டிரம்மை மொத்து மொத்தென்று மொத்த வேண்டும். ஒரு தாளத்துக்கு நாலு மொத்து. கையால் ஸ்நேர் டிரம்மில் கடகடவென்று உருட்ட வேண்டும். மைக் சரியாக இல்லாத பெரிய நடன ஹாலில் ஆடுகிறவர்களுக்குக் கால் தெரிய வேண்டுமே.

ஜோன்ஸ் அந்தத் தாளத்தைத் தரையிலிருந்து தூக்கி மேலே வைத்தார். 'ஹை-ஹாட்' என்று ஒன்று உண்டு. கம்பியில் ஒன்றின்மேல் ஒன்றாகக் கவிழ்த்து வைத்த இரண்டு சிம்பல். காலால் மிதித்தால் மூடும், விட்டால் திறக்கும். நம் பாஷையில் சொன்னால், ஸ்டாண்டில் மாட்டிய பெரிய சைஸ் ஜால்ரா. அது அதுவரை ஓரத்தில் 'ச்சிக் ச்சிக்' என்று உதவிக்கு இருந்தது. ஜோன்ஸ் அதன்மேல் குச்சியால் வாசித்து, மூடித் திறந்து மூடி, சத்தத்தை ஒழுகவிட்டார். மொத்தல் போய்க் காற்று வந்தது. பாஸ் டிரம் இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படுகிற அளவுக்கு மெல்லத் தொட்டார். பிரஷ்ஷால் வாசித்தால் பட்டுப்புடவை உரசுகிற மாதிரி இருக்கும். பியானோவில் பேஸி, பாஸில் வால்டர் பேஜ், 1937-லிருந்து கிடாரில் ஃப்ரெடி க்ரீன். இந்த நாலு பேரும் சேர்ந்து வாசித்தால் யார் எங்கே ஆரம்பித்தார்கள் என்று பிரிக்க முடியாது. முன்னால் நின்ற லெஸ்டர் யங்குக்கும் மற்றவர்களுக்கும் மூச்சு விட இடம் கிடைத்தது. இன்றைக்கு உலகத்தில் எந்த டிரம்மர் ஹை-ஹாட்டில் தாளத்தை நடத்தினாலும் அதில் இவருடைய பங்கு இருக்கிறது. ஒரு டிரம்மர் மூன்று தட்டு தட்டினால் ஜோவுக்கு ஐந்து தட்டு கடன்பட்டிருக்கிறார் என்று மாக்ஸ் ரோச் சொன்னதாகச் சொல்வார்கள். மாக்ஸ் ரோச் யார்? அதே 'கோ-கோ' தட்டில் பார்க்கருக்கு டிரம்ஸ் வாசித்தவர்.

நாம் 'ஜால்ரா' என்ற வார்த்தையைத் திட்டுவதற்கு வைத்திருக்கிறோம். கூடவே தட்டுகிறவன் என்றால் கேவலம். ஜோ ஜோன்ஸ் வாழ்க்கை முழுக்க அந்தக் கேவலத்தைத்தான் கலையாகச் செய்தார். முன்னால் இருப்பவன் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்பது. அவன் தடுமாறினால் கீழே தாங்குவது. அவன் பறந்தால் வழி விடுவது. பக்கவாத்தியம் என்று நாம் சொல்வதன் முழு அர்த்தம் அதுதான்.

பக்கத்தில் இருப்பவனுக்குப் பேர் வராது என்பதும் உண்மை. 1938 ஜனவரி 16-ம் தேதி நியூயார்க்கின் கார்னகி ஹாலில் பென்னி குட்மனின் புகழ்பெற்ற கச்சேரி. ஒரு பாட்டுக்குப் பேஸியையும், பேஜையும், க்ரீனையும், லெஸ்டரையும் விருந்தாளிகளாக மேடை ஏற்றினார்கள். டிரம்ஸுக்கு அங்கே ஜீன் க்ரூப்பா இருந்தார், ஜோன்ஸுக்கு இடமில்லை. அதே ராத்திரி ஹார்லெமில் ஸவாய் நடன ஹாலில், சிக் வெப் குழுவுக்கு எதிராகப் பேஸி குழுவின் போட்டிக் கச்சேரி. ஜோன்ஸ் வாசித்தது அங்கே. கார்னகி ஹால் சரித்திரப் புத்தகத்தில் ஏறியது. ஸவாயில் ஜனங்கள் ஆடினார்கள்.

இப்படிப்பட்டவரை இன்றைக்கு நம் ஊர் லிஃப்ட்டில் எப்படித் தெரிகிறது? 'தலையைப் பார்த்து எறிஞ்சவர்.' டிரம்ஸிலிருந்து வன்முறையை எடுத்த மனிதரின் பேரை வன்முறைக்கு விளம்பரமாக்கிவிட்டோம். காந்தியைப் போட்டுத் துப்பாக்கி விற்பதற்குச் சமம்.

*

'இருக்கலாம் சார், ஆனா கண்டிப்பு இல்லாம உருப்பட முடியுமா?' என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான் என்பீர்கள். முருங்கையை ஒடித்து வளர், பிள்ளையை அடித்து வளர் என்பீர்கள். ஒடித்தால் முருங்கை மறுபடி துளிர்க்கும், வாஸ்தவம். அது மரம். ராத்திரி தலையணையில் முகம் புதைத்து அழாது.

ஒடித்துப் பார்த்த கதை ஒன்று இதே குழுவில் இருக்கிறது. 1944-ல் லெஸ்டர் யங்கையும் ஜோ ஜோன்ஸையும் ஒரே சமயத்தில் ராணுவத்தில் சேர்த்தார்கள். லெஸ்டர் மென்மையான மனுஷன். அவர் வாசிப்பு மாதிரியே பேச்சும் நடையும். இசைக்குழுவில் போடாமல் சாதாரணச் சிப்பாயாக அலபாமாவில் ஒரு முகாமில் போட்டார்கள். போதை மாத்திரையும் கஞ்சாவும் வைத்திருந்ததாக 1945 பிப்ரவரியில் ராணுவ விசாரணை. ஒரு வருஷத் தண்டனை. ஜார்ஜியாவில் ராணுவச் சிறை. 'ஒடுக்கினால் ஆள் உருப்படுவான்' என்ற கொள்கைக்கு இதைவிட முழுமையான பரிசோதனைக்கூடம் கிடையாது. கத்தல், தண்டனை, அவமானம், நிறவெறி எல்லாம் ஒரே கூரையின் கீழ்.

ஃப்ளெட்சரின் தியரிப்படி லெஸ்டர் வெளியே வரும்போது இரண்டு மடங்கு மேதையாக வந்திருக்க வேண்டும். வந்தவர் குடித்தார். தனக்குள் சுருங்கினார். நல்ல வாசிப்பு இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. சில ராத்திரிகளில் அற்புதமாகவே இருந்தது. ஆனால் மனுஷன் மீளவில்லை. 1959 மார்ச்சில், 49 வயசில், நியூயார்க் ஓட்டல் அறையில் இறந்தார். பார்க்கருக்குப் பாடமாக இருந்தவரே லெஸ்டர்தான். அடி ஜீனியஸை உண்டாக்கும் என்றால், ஏற்கெனவே ஜீனியஸாக இருந்தவரை ஏன் உடைத்தது?

பார்க்கர் மட்டும் நன்றாக வாழ்ந்தாரா? 1936 கடைசியில் ஒரு கார் விபத்து. வலிக்கு மருந்தாக ஆரம்பித்தது போதைப் பழக்கமாகி, 1955-ல் 34 வயசில் முடிந்துபோனார். 'அவனைப் போல ஆக்கப்போகிறேன்' என்று பிள்ளையை அடிக்கிறவர்கள் கடைசி அத்தியாயத்தையும் படித்துவிட்டு அடிக்கலாம்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. அவமானப்பட்டும் மேலே வந்த ஒருத்தரின் பெயர் நமக்குத் தெரிகிறது. கான்ஸஸ் சிட்டியில் அதே வருஷங்களில் சிரிப்புக்கு நடுவே மேடையை விட்டு இறங்கி, வாத்தியத்தை விற்றுவிட்டு வேறு வேலைக்குப் போனவர்களின் பெயர் எங்கே இருக்கிறது? அவர்களில் இன்னொரு பார்க்கர் இருந்தாரா என்பது யாருக்கும் தெரியாது. தெரியாததால்தான் நம் தியரி ஜெயித்துக்கொண்டே இருக்கிறது. லாட்டரியில் ஜெயித்தவனின் பேட்டியை மட்டும் படித்துவிட்டு 'லாட்டரிதான் முன்னேற வழி' என்று சொல்வது எவ்வளவு புத்திசாலித்தனமோ, அவ்வளவு புத்திசாலித்தனம் இது.

படத்தையும் முழுசாகக் குறை சொல்ல மாட்டேன். அதில் ஃப்ளெட்சரிடம் படித்த ஒரு மாணவன் தற்கொலை செய்துகொள்கிறான். வாத்தியார் அதைக் கார் விபத்து என்று வகுப்பில் பொய் சொல்கிறார். டைரக்டர் டேமியன் ஷஸெல் அதை ஒளித்து வைக்கவில்லை. ஆனால் அப்பாக்களுக்கு அந்தக் காட்சி மட்டும் ஞாபகம் இருப்பதில்லை. குச்சியில் வழிகிற ரத்தம் ஞாபகம் இருக்கிறது. ஷஸெலே பள்ளிக்கூட ஜாஸ் குழுவில் டிரம்ஸ் வாசித்தவர். அங்கே பட்ட பயத்திலிருந்துதான் இந்தப் படத்தை எடுத்தார். அந்தப் பயம் அவரை டிரம்மர் ஆக்கவில்லை. சினிமாவுக்கு அனுப்பிவிட்டது.

*

ஜோன்ஸைத் தெய்வமாக்குவதும் என் நோக்கம் இல்லை. முன்கோபி. வயசான காலத்தில் வாய் கொஞ்சம் நீளம். ஆனால் மனுஷன் என்னவாகக் கனிந்தார் என்பதற்கு இரண்டே இரண்டு விஷயம் சொல்கிறேன்.

1956 ஜூலை. நியூபோர்ட் ஜாஸ் விழா. ட்யூக் எலிங்டனின் குழு மேடையில். பால் கான்ஸால்வெஸ் என்ற ஸாக்ஸஃபோன்காரர் விடாமல் 27 சுற்று வாசிக்க, கூட்டம் நாற்காலி மேல் ஏறி ஆடிய பிரசித்தமான ராத்திரி. குழுவின் டிரம்மர் சாம் உட்யார்ட். மேடையோரத்தில் ஜோ ஜோன்ஸ். அது அவர் கச்சேரி இல்லை. அவருக்கு அங்கே வேலையும் இல்லை. கையில் ஒரு நியூஸ்பேப்பரைச் சுருட்டி வைத்துக்கொண்டு, தாளத்துக்குத் தாளம் தட்டித் தட்டி அந்தக் குழுவை உசுப்பிவிட்டுக்கொண்டிருந்தார். இருபது வருஷம் முன்னால் சிம்பலை எறிந்த அதே கை.

1973-ல் 'தி டிரம்ஸ்' என்று ஒரு இசைத்தட்டு. முழுக்க முழுக்க டிரம்ஸ் பாடம். இப்படித் தொடு, இப்படிப் பிடி, எனக்கு முன்னால் இன்னார் இப்படி வாசித்தார் என்று மற்ற டிரம்மர்களின் பெயரைச் சொல்லி வாசித்துக் காட்டுகிறார். யார் மீதும் எதையும் எறியவில்லை. அதற்குள் இளைய டிரம்மர்கள் அவரைப் 'பாப்பா ஜோ' என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். பாப்பா என்றால் நம் ஊர்ப் பாப்பா இல்லை, அப்பா. 1985-ல் அமெரிக்க அரசின் கலை அமைப்பு 'ஜாஸ் மாஸ்டர்' என்று கௌரவித்தது. அந்த வருஷமே செப்டம்பர் 3-ம் தேதி போய்ச் சேர்ந்தார். வயசு 73.

*

கண்டிப்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 'இன்னொரு தடவை வாசி' என்பது கண்டிப்பு. 'மெதுவாக வாசி, மெட்ரோனோமைக் கேள்' என்பது கண்டிப்பு. பதினோரு வயசுப் பையன் வாசிக்கிறபோது டி.வி.யை அணைத்துவிட்டுப் பக்கத்தில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து கேட்பது எல்லாவற்றையும்விடப் பெரிய கண்டிப்பு. அது நம்மை நாமே கண்டித்துக்கொள்வது. அது முடியாதபோதுதான் கை நீளுகிறது. அடி என்பது பெரும்பாலும் பாடம் இல்லை, பொறுமை தீர்ந்துபோனதற்கான சத்தம். அதற்குக் கலை, மேதைமை என்றெல்லாம் பெயர் வைக்காதீர்கள்.

பள்ளிக்கூடத்தில் குழந்தையை அடிப்பதையும், மனசு நோகத் துன்புறுத்துவதையும் 2009-ம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவு தடை செய்கிறது. வீட்டு ஹாலுக்குள் அந்தப் பிரிவு வராது. அங்கே நீங்கள்தான் சட்டம்.

1936-ல் லெஸ்டர் யங் முதன்முதலாக ஒலிப்பதிவுக்கு வந்தார். பேஸி வேறு கம்பெனியோடு ஒப்பந்தத்தில் இருந்ததால் தன் பேரைப் போட முடியாமல், 'ஜோன்ஸ்-ஸ்மித் இன்கார்ப்பரேட்டட்' என்று பேர் வைத்து வெளியிட்டார்கள். அதில் 'லேடி பி குட்' என்று ஒரு தட்டு. மூன்று நிமிஷம்தான். பார்க்கர் மனப்பாடம் பண்ணிய ஸோலோ அதில் இருக்கிறது. இன்டர்நெட்டில் இலவசமாகக் கிடைக்கிறது. இந்த வாரம் ஒரு தடவை கேளுங்கள். முதல் தடவை லெஸ்டரைக் கேளுங்கள். இரண்டாவது தடவை அவருக்குப் பின்னால் மெல்லத் திறந்து மூடுகிற அந்த ஹை-ஹாட்டை மட்டும் கேளுங்கள்.

இரண்டாவது மாடிக்காரருக்கும் அதை அனுப்பியிருக்கிறேன். கேட்டாரா என்று தெரியாது. நேற்று சாயங்காலமும் ஆறு மணிக்குத் தட்டல் ஆரம்பித்தது. ஆறே முக்காலுக்கு ஒரு மௌனம் வந்தது. ஜன்னலருகே போய் நின்றேன். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு பையன் மறுபடி முதலிலிருந்து தட்ட ஆரம்பித்தான்.

நடுவில் எந்தச் சத்தமும் கேட்கவில்லை. ஒரு நாள்தான். ஆனால் ஒரு நாள்.